குப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்

என் வீட்டுக் குப்பையை என்னைவிட, என் மனைவியைவிட, அதைக் கிளற வரும் காட்டுப்பன்றியைவிட நன்றாக அறிந்தவர் இந்தச் சப்ரகமுவ மாகாணத்திலேயே ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. நேரில் நானும் மனைவியும் அண்ணே என்போம், மற்றவர்கள் மாமா என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லோருக்கும் அவர் மூனாம் நம்பர்.

இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தால் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலை. அதன் பின்னால் ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள். அலுவலகத்தில் அதைக் குவாட்டர்ஸ் என்போம். பார்ப்பவர்கள் தொழிலாளர் லயம் என்பார்கள். பார்ப்பவர்கள் சொல்வதே சரி. நான் தோட்ட அலுவலகத்தில் கிளார்க். என் வீட்டை ஒட்டி அவர் வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருமினால், அந்தப் பக்கத்திலிருந்து, “கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க தம்பி” என்று குரல் வரும். கொஞ்சம் பொறுத்து, “கொத்தமல்லி வந்த பேக்க வீசிறாதீங்க” என்றும் வரும்.

வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் ரப்பர் சீட் தரம் பிரித்தவர். புகையில் காய்ந்து வந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். குமிழி, பட்டைத் தூள், பூஞ்சணம் என்று தேடுவார். பிறகு நம்பர் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்துப் போடுவார். வெட்டிய ஓரத்துண்டும், சிந்திக் காய்ந்த பாலும்கூட அங்கே விலைக்குப் போகும். எதையும் வீசியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவர் கையில் தரம் பிரிக்க ஒன்றும் இல்லை. எங்களிடம் குப்பை இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் களைப்பு.

பிரதேச சபையின் குப்பை டிராக்டர் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். அதனால் எங்கள் வரிசைக் குப்பை, வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கானுக்குப் போகும். மேட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் அந்தக் கானில் ஓடி, கடைசி வீட்டுக்குப் பின்னால் திரும்பி, பள்ளத்தில் விழ வேண்டும். பைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பாது. நேரே கடைசி வீட்டு அடுப்படிக்குள் போய்விடும். கடைசி வீடு ராஜேஸுடையது. ஒரு மழையில் அவளுடைய அரிசி மூட்டை சேற்றில் ஊறிப்போனது. அடுத்த மழையில் அடுப்பே கரைந்தது.

ஒருநாள் காலையில் என் மனைவி கதவைத் திறந்தாள். படியில் ஒரு பால்மா பேக்கெட், ஓரம் வெட்டி, கழுவி, விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவர், முழங்கால்வரை கான் சேற்றோடு.

“இது ஒங்களது.”

“இல்லீங்க அண்ணே, அத வீசிட்டோம்” என்றாள் மனைவி.

“வீசினாலும் ஒங்களதுதான்.” பேக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நம்பர் மூனு. கழுவாம வீசியிருக்கீங்க.”

அவ்வளவுதான். போய்விட்டார். மறுநாள் மீன் டின் வந்தது. அதற்கு மறுநாள், நான் மறைத்துச் சாப்பிட்ட மிக்சர் பேக்கெட் வந்தது. டாக்டர் எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பேக்கெட்டை மனைவிதான் வாங்கிக்கொண்டாள். அன்று எனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஆறு வீட்டுக் குப்பையும் அவருக்கு மனப்பாடம். எந்த வீட்டில் எந்தத் தேயிலை, யார் வீட்டில் எந்தச் சோப், எல்லாம் தெரியும். தவறான படியில் தவறான தகரத்தை அவர் வைத்ததே இல்லை. தரத்திலும் அசைய மாட்டார். எங்கள் குப்பை எல்லாமே மூன்று. மூடியோடு கழுவிக் கொடுத்த ஜாம் போத்தலுக்கு ஒருமுறை இரண்டு கிடைத்தது. ஒன்று யாருக்கும் கிடைத்ததில்லை.

“நம்பர் ஒன்னு எப்படித்தான் இருக்கும் அண்ணே?” என்று சலித்துப்போய்க் கேட்டேன்.

“பெக்டரில வந்த நல்ல சீட்ட நீங்க பாத்ததில்லையா தம்பி? வெளிச்சத்துல புடிச்சா சீட் தெரியக்கூடாது. அந்தப் பக்கம் நிக்கிற ஆள் தெரியணும்.”

“குப்பையில அப்படி எங்கங்க வரும்?”

“வரும்போது பாப்போம்.”

மற்றவர்களைக் குறை சொன்னாலும், தான் செய்யாத எதையும் அவர் செய்யச் சொல்லவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்குப் போனால் அரிசிக்கு ஒரு டின், பருப்புக்கு ஒரு டின், எண்ணெய்க்கு ஒரு போத்தல் கொண்டுபோவார். மீன் வாங்கப் போகும்போது வழியில் பெரிய கெண்டா இலைகளாகப் பறித்துக்கொள்வார். மீனை அதில் பொதிந்து பஸ்ஸில் ஏறுவார். பாதி வழியில் இலை கிழிந்து, ஒரு கெளவல்லோ மீன் தலை எட்டிப்பார்க்கும். கண்டக்டர் அவருக்கென்று பின்கதவுப் பக்கம் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். மரியாதையால் அல்ல.

நான் அலுவலகத்தில் கடைச் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, சோறு பொதிந்துவந்த லஞ்ச் சீட்டைச் சுருட்டும் நேரமாகப் பார்த்து ஜன்னலில் அவர் முகம் தோன்றும். கையை நீட்டுவார். கொடுப்பேன். குழம்பு வடிய வடிய வெளிச்சத்தில் பிடிப்பார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போவார். கடைசியில் நான் வீட்டிலிருந்தே டப்பாவில் சோறு கொண்டுபோகத் தொடங்கினேன். கொள்கையெல்லாம் இல்லை. நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்ற ஒரே ஆசைதான்.

அவர் திட்டம் எல்லாமே பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். தேங்காய்ப்பூச் சக்கையும் காய்கறித் தோலும் கானுக்குப் போகக்கூடாது என்று வீட்டுக்கு ஒரு குழி வெட்டவைத்தார். ஒரு வாரத்தில் அந்தச் செய்தி காட்டுப்பன்றிகளுக்கு எட்டியது. குடும்பத்தோடு வந்து ஆறு குழிகளையும் தோண்டிவிட்டு, போகிற வழியில் என் மனைவியின் அந்தூரியம் பாத்தியையும் உழுது வைத்துவிட்டுப் போயின.

மனைவி அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பாத்தியைச் சுற்றி வந்தார்.

“நல்லாத்தான் கொத்தியிருக்கு. எரு போட்டுப் புதுசா நடுங்க தங்கச்சி.”

அன்று முதல் குழிகளுக்குத் தகரமும் தகரத்தின் மேல் கல்லும் வந்தன. போடும்போதெல்லாம் மேலே ஒரு பிடி மண்ணும் காய்ந்த இலையும் போட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. பன்றிகள் வேறு வரிசைக்குப் போயின. எங்களுக்குப் போக வேறு வரிசை இல்லை.

அவரோடு மல்லுக்கு நின்றவள் ராஜேஸ் மட்டும்தான். அவளுக்குக் கைக்குழந்தை. குழந்தையின் நாப்கின்கள் கானுக்குப் போயின. கானிலிருந்து அவள் படிக்குத் திரும்பி வந்தன.

“மாமா, இதக்கூட எடுத்துட்டு வருவீங்களா? வெக்கமா இல்ல?”

“எனக்கெதுக்கு வெக்கம்? நானா கட்டியிருந்தேன்?”

“என் புள்ள சமாச்சாரம் ஒங்களுக்கு என்னத்துக்கு?”

“ஒன் அடுப்படிக்குத் தண்ணி வர்ற வழியே இதுதான் புள்ள. பழைய சேலைய கிழிச்சுக் கட்டு. தொவைச்சுக் கட்டு.”

“தொவைக்கிறது நீங்களா?”

அவள் நேரே அலுவலகத்துக்கு வந்து, மேனேஜர் துரையிடம் வாய்விட்டு முறையிட்டாள். துரை புதியவர். ஓய்வு பெற்ற ஒருவர் இன்னும் குவாட்டர்ஸில் இருக்கிறார் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய துரை ஒரு வார்த்தை சொன்னதில் தங்கியவர் மூனாம் நம்பர். அவர் மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டை விட்டால் போக இடமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்தது நடந்தது. கழுவிய சொப்பிங் பேக்குகளைக் காய வைக்க அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். தொழிற்சாலையில் விறகுக்கு வீசிய பழைய கம்புகளைக் கொண்டுவந்து, ரப்பர் சீட் தொங்கவிடுவது போலவே வீட்டுக்குள் வரிசை வரிசையாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி பைகளைத் தொங்கவிட்டிருந்தார். தோட்டத்துக் காவல்காரர் திறந்த ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கம்பு, புகை, வரிசையாக ஏதோ தொங்குகிறது. திருட்டு ரப்பர் சீட் என்று துரைக்குப் போன் போட்டுவிட்டார்.

துரை ஜீப்பில் வந்தார். கதவு திறந்தது. காவல்காரர் உள்ளே பாய்ந்து, ஒரு பையைப் பிடித்து, நின்றார்.

“மொகத மே?” என்றார். இது என்ன என்று அவரால் கேட்கத்தான் முடிந்தது.

“மூனு” என்றார் நம்மவர். “ஈரம் காயல.”

நான் சிரித்திருப்பேன். துரை சிரிக்கவில்லை. சீட் திருட்டு இல்லை, சரி, ஆனால் கம்பு தோட்டத்துடையது என்றார். வீசிய கம்பு என்று நான் சிங்களத்தில் சொன்னேன். வீசினாலும் தோட்டத்துடையதுதான் என்றார் துரை. இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று மனைவி என்னைப் பார்த்தாள். வீடு புதிய பீல்ட் ஆபிசருக்குத் தேவை, மாத முடிவில் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப் போனது.

அவர் பைகளைக் கழற்றி மடித்தார். மறுநாள் காலையிலும் கானில் இறங்கினார். எங்கள் படிகளுக்கு எங்கள் பொருட்கள் வந்தன. அவர் போனால் காலையில் நிம்மதியாகக் கதவைத் திறக்கலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு எதிர்பார்த்த அளவு இனிக்கவில்லை.

மாத முடிவுக்கு முன்பே மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டாம். பேச்சுக் கேட்காது, எதிர்வரிசை தெரியாது. விட்ட பிறகு துரை பீல்ட் ஆபிசரை அழைத்துக்கொண்டு வீட்டைக் காட்ட வந்தார். ஜீப் வர முடியவில்லை. மேல் வரிசைக் கான் அடைத்து, ரோட்டின் மேல் சேறும் பைகளும் கிடந்தன. இருவரும் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். பீல்ட் ஆபிசரின் சப்பாத்து புதிது. கையில் தூக்கிப் பிடித்திருந்தார்.

எங்கள் கான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் குனிந்து நின்றிருந்தார்.

ராஜேஸ் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

“தொர, மொதல்ல வந்து சொன்னது நான்தாங்க. இந்த மனுசனோட மல்லுக்கட்டி எனக்குத் தொண்டையே போயிருச்சு. ஆனா வந்து என் அடுப்படியப் பாருங்க. இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ள வரல.” மூச்சு வாங்கினாள். “அனுப்புறதுனா அனுப்புங்க. வர்ற ஐயா காலையில கான்ல எறங்கி என் புள்ள நாப்கின எடுப்பாரான்னு கேட்டுட்டு அனுப்புங்க.”

துரைக்குத் தமிழ் அரைகுறை. மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முழுவதையும் சிங்களத்தில் சொன்னாள், இன்னும் காரமாக. எனக்கு வேலை மிச்சம்.

துரை பீல்ட் ஆபிசரைப் பார்த்தார். பீல்ட் ஆபிசர் கானைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். தனக்கு டவுனிலேயே ஓர் அறை பார்த்தாயிற்று, துரைக்குச் சிரமம் வேண்டாம் என்றார்.

துரை கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் காலி செய்துவிட்டு, எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தார். கானுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. போத்தலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பியது.

“மூனு, தொர.”

“ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார் துரை, களைப்பாக. கம்புகளையும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று போகும்போது சொன்னார். ராஜேஸ் மறுவாரம் இரண்டு பழைய சேலைகளைக் கிழித்தாள். துவைத்தது அவள்தான், திட்டிக்கொண்டே.

இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. கானில் இறங்க முடியாது. வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாங்களே வரிசையாகக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். கழுவித்தான் கொண்டுபோகிறோம், காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருகிறோம். ராஜேஸுக்கு இரண்டு அடிக்கடி விழுகிறது. எனக்கு இன்னும் மூன்றுதான். கானை நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இடுப்பு வலிக்கிறது.

போன வாரம் ஒரு காலையில், தேடித் தேடிப் பார்த்தும் வீட்டில் வீச ஒன்றுமே இல்லை. தோல் குழிக்குப் போயிருந்தது. சாமான் டின்னில் வந்திருந்தது. வெறுங்கையோடு போய் நின்றேன்.

“எங்க?” என்றார்.

“இன்னைக்கு ஒன்னும் இல்லீங்க அண்ணே.”

என் கையைப் பிடித்தார். விரலை விரித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே, அந்தப் பக்கம் நான்தான் தெரிந்திருப்பேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்பர் ஒன்னு” என்றார்.

கையை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வேண்டுமென்றே கடைக்குப் போய் ஒரு யோகட் கப் வாங்கிச் சாப்பிட்டு, கழுவாமலே எடுத்துக்கொண்டு போனேன். குப்பை இல்லாமல் எப்படி அவர் பக்கத்தில் போய் உட்காருவது?