மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஒரு எல்.ஈ.டி.

கூச்சப்படுகிறவர்கள் சாதுவானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்குப் பிடிவாதம் உள்ளுக்குள்ளேயே இறுகிப் போகும். என்னையே உதாரணமாகக் காட்டலாம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மகள் பவானிக்கு மஹய்யாவயில் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அந்த "ஏறக்குறைய"தான் சிக்கல். மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். அம்பிட்டியவில் எங்கள் வீடு ரோட்டிலிருந்து நாற்பத்திரண்டு படி கீழே. அவர்கள் திரும்பும்போது இருட்டிவிடும். எங்கள் டோர்ச்சோ, எரிகிறதா என்று பார்க்கவே இன்னொரு டோர்ச் தேவைப்படும் நிலையில் இருந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்றார் என் கணவர்.

"வேணாங்க. உள்ள இருக்கிற எல்.ஈ.டி.ய மட்டும் மாத்தினா போதும். நானே மாத்துறேன்."

"நீயா? குக்கர் வாஷர் மாத்தவே ஆள் கூப்பிட்டவ."

(அவர் சும்மா இருந்திருக்கலாம்.) டவுனில் எலக்ட்ரிக் சாமான் கடையை மூன்று தடவை கடந்து போய், நாலாவது தடவை உள்ளே நுழைந்து, "இதே மாதிரி, கொஞ்சம் கூட வெளிச்சமா" என்று மேசையைப் பார்த்துச் சொல்லி வாங்கினேன். போனில் ஒரு வீடியோவைப் பதினொரு தடவை பார்த்தேன்.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன அன்று, நாலு மணிக்குப் பழையதைக் கழற்றினேன். புதியதை உட்காரவைத்து இரண்டு வயரையும் ஈயத்தால் ஒட்டி, சுவிட்சை அழுத்தினேன். எரியவில்லை. சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறேன்! மறுபடி கழற்றினேன். சுவிட்சை அணைக்கவேண்டும் என்று வீடியோக்காரர் சொல்லவில்லை. (சொல்லியிருப்பார். வேகமாகப் பேசும் சிங்களம் எனக்குப் பிடிபடாது.) வயர் நுனி சரியான இடத்தில் படுகிறதா என்று, மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

பட்டது. சூரியன் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனது.

பார்க்கும் இடமெல்லாம் தோசை அளவில் ஒரு பச்சை வட்டம். அந்த நேரம்தான் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா குரல்: "பவானியம்மா, பஸ் சீக்கிரமா கெடச்சிருச்சி!"

கணவர் பேக்கரிக்குப் போயிருந்தார். பவானி குளித்துக்கொண்டிருந்தாள். கண் தெரியவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பேச வேண்டுமே! சமாளித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கதவோரம் தொங்கிய மழைக்கோட்டைக் கும்பிட்டு, "வாங்கண்ணே" என்றேன்.

"நா இங்கன நிக்கிறேன் தங்கச்சி" என்றது வேறு திசையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா குரல்.

குங்குமத் தட்டை நீட்டியிருந்தால் அந்த அம்மாவே எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். நெருக்கம் காட்டுகிறேன் பேர்வழி என்று நானே தொட்டு, பச்சை வட்டத்தின் நடுவில் குத்துமதிப்பாக வைத்தேன். நெற்றி ஏன் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயோ அம்மா! அவங்க கண்ணாடியில வச்சிருக்கீங்க!" என்று கத்தினாள், குளித்துவிட்டு வந்த பவானி.

கல்யாணம் படியேறிப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணாடியைத் துடைத்தபடி அந்த அம்மா கேட்டார்: "ஒங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதா?"

தலையாட்டினேன். அந்த நிமிடத்தில் அது உண்மைதானே.

"அட, இதானா! நீங்க மொகம் பாத்துப் பேசாததால, தலக்கனம் புடிச்சவங்கன்னு நெனச்சிட்டேன். பாவங்க இவங்க!" என்று தன் கணவரிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தியம்மா, அடுத்த கெழம நானே ஒங்கள கண் டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சம்பந்தியம்மா! கல்யாணம் முடிவாகிவிட்டது. இனிமேல் உண்மையைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

பச்சை வட்டம் கரைந்ததும், சமையலறைக்குள் போய் வயர்களைச் சரியாக ஒட்டி முடித்தேன். அன்று அவர்கள் திரும்பும்போது நாற்பத்திரண்டு படியும் பகல் போலத் தெரிந்தன. நான் மட்டும் தடுமாறுவதுபோல் நடிக்க, சம்பந்தியம்மா என்னைத் தாங்கிப் பிடித்து ஏறினார்.

டொக்டர், இரண்டு கண்ணும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். சம்பந்தியம்மா வெளியே காத்திருந்தார். எப்படியாவது ஒரு கண்ணாடி கொடுங்கள் என்று டொக்டரிடம் கெஞ்சியதுதான், முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு.

இன்றைக்கும் மஹய்யாவ பஸ்ஸுக்குப் புறப்பட்டால், "கண்ணாடிய எடுத்தாச்சா?" என்று கேட்டுச் சிரிக்காமல் என் கணவர் விடமாட்டார். போன பொங்கலுக்கு மறந்தே போனேன். பவானி சொல்லி விஷயம் தெரிந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா பார்ப்பதற்குள் வாசலிலேயே என்னை மறித்து, தன்னுடைய பழைய கண்ணாடியை மாட்டிவிட்டார். அன்று முழுக்க எனக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை.