அகக்கண் பரிசோதனை

ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணைத் திறந்துவிட்டவன் நான். தப்பாக நினைக்காதீர்கள், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து, "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டு என் கண்ணே பூத்துப்போய்விடும். அடுத்தவன் கண்ணுக்காக இப்படி உழைக்கிற ஒருத்தன், வீட்டுக்கு வந்ததும் தன் கண்ணை ஒரு அரைமணி நேரம் மூடக்கூடாதா?

கூடாது. செருப்பைக் கழற்றுவதற்குள் வேலை வந்துவிடும். குழாய் சொட்டும். ஃபேனில் தூசி இருக்கும். ஏணி எனக்கு முன்னாடியே வந்து நின்றுகொண்டிருக்கும். சோபாவில் லேசாகச் சாய்ந்தால் போதும், உள்ளேயிருந்து "என்னங்க" என்று ஒரு குரல். அந்த 'என்னங்க'வுக்கு 'என்ன' என்று பதில் சொன்னவன் தொலைந்தான். நான் கல்யாணமான நாளிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மனைவி பெரிய கவலையோடு வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரண்டும் சாமி ரூம் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லையாம். பெரியவளுக்குப் பதினேழு, சின்னவனுக்குப் பதினாலு. இரண்டு பேருமே குனிந்த தலை நிமிர மாட்டார்கள். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், போன்.

"மேல்மாடி டீச்சர் சொன்னாங்க. பிள்ளைங்க நாம சொல்றதைக் கேக்க மாட்டாங்களாம். நாம செய்யறதைப் பார்த்துத்தான் கத்துக்குவாங்களாம். நீங்க என்னைக்காவது சாமி ரூமுக்குள்ள போயிருக்கீங்களா?"

"போன வாரம்கூடப் போனேனே."

"பல்பு மாத்தப் போனீங்க."

அந்த நிமிஷம்தான் என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. சாமி ரூம். கதவு உண்டு. ஜன்னலில் காற்று வரும். தரையில் கம்பளம். முக்கியமாக, கண்ணை மூடிக்கொண்டிருப்பவனை அங்கே யாரும் ஏன் என்று கேட்க முடியாது. நான் எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, இன்று முதல் தினம் சாயங்காலம் அரைமணி நேரம் பிரார்த்தனை செய்யப்போகிறேன், பிள்ளைகளுக்கு நானே முன்மாதிரி என்று அறிவித்தேன். ஒரே ஒரு சட்டம். உள்ளே இருப்பவரை யாரும் கூப்பிடக்கூடாது. வீடு தீப்பற்றினாலும் வெளியே நின்றுதான் அணைக்க வேண்டும்.

மனைவி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பூரிப்பு என்று நினைத்தேன். கண்ணாடிக்காரனுக்குப் பார்வையை எடைபோடத் தெரியவில்லை பாருங்கள்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து சாமி ரூம் கதவில் மாட்டினேன். 'கண் பரிசோதனை நடக்கிறது. கதவைத் தட்டாதீர்கள்.'

"சாமி ரூம்ல எதுக்குங்க கண் பரிசோதனை?"

"அகக்கண்ணும்மா."

அடடா, என்ன தூக்கம். சம்மணம் போட்டு, முதுகைச் சுவரில் கொடுத்து, தாடையை நெஞ்சில் இறக்கினால் முப்பது நிமிஷம் மூன்று நிமிஷமாக ஓடிவிடும். கழுத்துக்கு ஒரு சின்னத் தலகாணியும் வைத்துக்கொண்டேன். ஊரில் மற்றவர்களுடையது கண்மூடித்தனமான பக்தி. என்னுடையது கண்ணை மூடுவதற்கான பக்தி. ஒருநாள் வெளியே வந்ததும், உள்ளே ஏதோ விசில் சத்தம் கேட்டதே என்றாள் மனைவி. மூச்சுப் பயிற்சி என்றேன். ரொம்ப ஆழமாப் போயிட்டீங்க போலிருக்கு என்று சொல்லிவிட்டுக் காப்பி கொடுத்தாள்.

அப்புறம்தான் அதிசயம் நடந்தது. பெரியவள் வந்து, "அப்பா, நானும் பிரார்த்தனை பண்ணட்டுமா?" என்றாள். மறுநாள் சின்னவன். போனை வெளியே வைத்துவிட்டுப் போகிறான் ஐயா, போனை! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பிள்ளை வளர்ப்பு பற்றி நான் பேசிய பேச்சில் ஒருத்தர் கண்ணாடி வாங்காமலே போய்விட்டார்.

ஒரு வாரம் போவதற்குள் சந்தேகம் வந்தது. பாத்திரம் கழுவுகிற முறை வரும்போதெல்லாம் பெரியவளுக்குப் பக்தி பொங்குகிறது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் சின்னவனுக்கு ஞானம் பிறக்கிறது. நான் வீட்டுக்கு வரும்போது கதவில் பலகை தொங்குகிறது, உள்ளே இரண்டு பேர். எனக்கு இடமில்லை. பாத்திரம் என்னைப் பார்க்கிறது. ஏணியும் என்னைப் பார்க்கிறது.

"ஏம்மா, அவங்களை வெளிய வரச் சொல்லு."

"கூப்பிடக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"வளர்ற பிள்ளைங்க. இவ்வளவு பக்தி உடம்புக்கு ஆகாது."

"அப்பா மாதிரியே இருக்காங்கன்னு எனக்குப் பெருமையா இருக்குங்க."

மெதுவாகக் கதவை ஒரு விரலளவு திறந்து பார்த்தேன். பெரியவள் சுவரில் சாய்ந்து, தாடையை நெஞ்சில் இறக்கி, என்னை உரித்து வைத்தமாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் சின்னவன், என் தலகாணி அவன் கழுத்தில். இரண்டு சுருதியில் விசில். எனக்கு வயிறு எரிந்தது. சாமியை ஏமாற்றுகிறார்களே என்று இல்லை. நான் தூங்க வேண்டிய இடத்தில் இவர்கள் தூங்குகிறார்களே என்று. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? அவர்கள் குட்டை உடைத்தால் என் குட்டும் சேர்ந்து உடையும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி டீச்சர் இறங்கி வந்தார். ஊரே பேசுகிறதாம், பிள்ளைகளை இவ்வளவு சீக்கிரம் மாற்றியது எப்படி என்று என் வாயால் கேட்க வேண்டுமாம். மனைவிதான் அழைத்திருந்தாள். நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டார். அப்பாவைப் பார்த்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

சின்னவன் யோசித்து, பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். "மொதல்ல கழுத்து வலிக்கும் டீச்சர். சின்னத் தலகாணி வச்சுக்கிட்டா வலிக்காது."

"வாயை மூடிக்கணும்," என்றாள் பெரியவள். "அப்பா மறந்துடுவாங்க. சட்டையெல்லாம் எச்சில்."

பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் நான் செய்து கொடுத்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி போட்டதுலேருந்து எல்லாம் தெளிவாத் தெரியுது தம்பி."

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மனைவி மட்டும் கோபமே படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விசில் கேட்ட முதல் நாளே அவளுக்குத் தெரியுமாம். காப்பித் தம்ளரை டீச்சர் கையில் கொடுத்துக்கொண்டே, ரொம்பப் பவ்யமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இவரைப் பார்த்து ஒரே வாரத்துல தூங்கக் கத்துக்கிட்டாங்களே டீச்சர், இவர் பாத்திரம் கழுவறதைப் பார்த்தா அதையும் கத்துக்குவாங்கல்ல?"

கட்டாயம் கற்றுக்கொள்வார்கள் என்றார் டீச்சர். முன்மாதிரி என்று என் வாயாலேயே சொல்லித் தொலைத்திருந்தேன். மறுக்க வழியில்லை. இனிமேல் பிரார்த்தனை காலையில்தான், எல்லோரும் சேர்ந்து, நின்றுகொண்டு, சத்தமாக என்று முடிவானது. அப்போ சாயங்காலம் சாமி ரூம் சும்மாதானே கிடக்கும் என்றேன், ஒரு நப்பாசையில். "அது சும்மா கிடக்காதுங்க," என்றாள் மனைவி.

இப்போது சாயங்காலம். முழங்கை வரை சோப்பு நுரையோடு நான் பாத்திரத் தொட்டி முன்னால் நிற்கிறேன். சாமி ரூம் கதவில் என் கடைப் பலகை தொங்குகிறது. உள்ளே மனைவிக்கு அகக்கண் பரிசோதனை. விசில் என்னுடையதைவிடச் சுத்தமாகக் கேட்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்லக்கூடாது, போனைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு, சமையலறை வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் தேய்க்கிற ஒவ்வொரு தட்டையும் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். பார்த்தது போதும், ஒருத்தராவது வந்து ஒரு கை கொடுங்கள் என்றேன்.

"இருங்கப்பா," என்றாள் பெரியவள். "இன்னும் பார்த்து முடிக்கல."