அத்தை ஏன் தூங்குகிறார்?

டாக்டருக்கு எதிரே உட்கார்ந்த அத்தை, "நான் ஒண்ணு சொல்லணும் டாக்டர்..." என்று ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்தது. மெல்லிய குறட்டையும் வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை பரிதாபமாக. "போன தடவையும் இப்படித்தான்."

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்டைப் பழுதுபார்த்தால் எல்லாப் பொத்தானையும் தன் விரலாலேயே அழுத்திப் பார்க்காமல் வீடு திரும்பாதவர். மனைவி வேலை விஷயமாக வெளியூர் போகும்போது, இடுப்பெலும்பு முறிந்து கிடந்த தன் அம்மாவை இவரிடம்தான் ஒப்படைத்தாள். "எங்கம்மாவ நல்லா பாத்துக்குங்க" என்று அவள் சொன்னதில் பாதி வேண்டுகோள், பாதி மிரட்டல்.

சாதாரண மாத்திரை எதற்கும் வலி மசியவில்லை. கடைசியில் டாக்டர் வலுவான ஒன்றை எழுதினார். அபின் வகை மருந்து என்று கேட்டதுமே மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வயதானவர்களுக்குக் குறைந்த அளவில்தான் ஆரம்பிப்போம் என்று டாக்டர் தைரியம் சொன்னார். மலச்சிக்கல் வரும், தள்ளாடி விழலாம், தூக்க மாத்திரையோடு சேரவே கூடாது, அளவுக்கு மீறி அசந்து கிடந்தால் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டார்.

மாத்திரை கைமேல் பலன் தந்தது. அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே குளியலறைக்குப் போய் வந்தார். அதுவரை மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனதில் அவர் கூனிக்குறுகிப் போயிருந்தார். அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதற்குப் பிறகுதான் பகலில் தூங்கி வழிய ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கினார். டாக்டர் அளவைப் பாதியாக்கினார். வலி திரும்பி வந்தது, தூக்கம் போகவில்லை. மாப்பிள்ளை அலமாரியைக் குடைந்து, அத்தை ஜலதோஷத்துக்குக் குடித்துவந்த சிரப்பைக் கண்டுபிடித்தார். அதுவும் தூக்கம் வரவைக்கும் மருந்துதான் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். மூக்கு ஒழுகியதுதான் மிச்சம். மாப்பிள்ளை பயந்துபோய்க் கவனிப்பை இன்னும் கூட்டினார். அத்தை இன்னும் அதிகமாகத் தூங்கினார்.

என்ன செய்கிறது என்று கேட்டால், "நீங்க நல்லாத்தான் பாத்துக்குறீங்க மாப்பிள்ள" என்பார். அடுத்த நிமிடம் கண் சொருகிவிடும்.

"ரத்தம், சிறுநீரகம் எல்லாம் நல்லா இருக்கு. இவ்வளவு கம்மியா குடுத்தே இப்படின்னா, மாத்திரைய நிறுத்திட வேண்டியதுதான்" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

அத்தை திடுக்கிட்டு விழித்தார். "வேணாம் டாக்டர். பல்லைக் கடிச்சுக்கிட்டாவது இப்ப நானே நடந்து போறேன். அதையும் எடுத்துடாதீங்க. தப்பு மாத்திரை மேல இல்ல..."

மாப்பிள்ளையை ஒரு முறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கூடவே கண்ணும் மூடிக்கொண்டது.

தன் முறை வந்துவிட்டதாக நினைத்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டு டீச்சர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நேராக டாக்டரிடம் போனார்.

"எனக்கு ஒரு தூக்க மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர். பக்கத்து வீட்ல ஒருத்தர் ராத்திரி பூரா மணிக்கொரு தடவ, 'அத்தை, தூங்கிட்டீங்களா? எழுந்து பதில் சொல்லுங்க'ன்னு எழுப்பிக்கிட்டே இருக்காரு."