கரடிக்கு வைத்த பொட்டு

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் அதைப் பக்தி என்பேன், என் மகள் வியாதி என்பாள். புதிதாக எது கைக்கு வந்தாலும் சாமி முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்ட பிறகுதான் புழங்க விடுவேன். மிக்ஸி, ஸ்கூட்டர், மகளின் ஹால் டிக்கெட் எல்லாம் என் கையால் பொட்டு வாங்கியவை. ஒருமுறை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டுக்கும் வைத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, காலையில ஒண்ணா ரெண்டான்னு சாமியவே கேட்டுச் சொல்லிப்போடுங்க" என்றார்.

அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு எக்ஸ்போர்ட்காரருக்குக் குழந்தைகள் துணி தைத்துக் கொடுக்கிறோம். உள்ளூருக்கு எங்கள் சொந்தப் பெயரில் வெள்ளைப் பனியனும் போடுகிறோம். அந்த வெள்ளைப் பனியனுக்காகத்தான் மகள் காவ்யா இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தாள்.

"பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து வீடியோ போடோணும்மா. அப்பத்தான் ஆளுங்க நம்மள மறக்க மாட்டாங்க" என்றாள். பிறகு அவளுக்குப் பரீட்சை வந்தது, பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். போனில் பச்சை என்றால் பேசலாம், சிவப்பு என்றால் வைக்கலாம் என்ற அளவுக்குத்தான் ஞானம். இருந்தாலும் விநாயகர் சதுர்த்திக்கு ஒரு கொழுக்கட்டை வீடியோ போட்டேன். பத்தொன்பது தடவை ஓடியதாகக் காட்டியது. (அதில் பதினொரு தடவை நானே ஓட்டியது.)

அன்றைக்குப் போன நிம்மதிதான். குழம்பு கொதிக்கும்போதும் பார்ப்பேன், விளக்கேற்றும்போதும் ஓரக்கண்ணால் பார்ப்பேன். பத்தொன்பது இருபதாகாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஊரே பார்க்கிற மாதிரி ஒன்று போட்டே தீருவது என்று முருகன் மேல் சத்தியம் செய்துகொண்டேன்.

அந்த வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு ஆர்டர் வந்திருந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு (பையர் என்பார்கள்) கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கக் குழந்தைகளுக்கான முழுக்கைச் சட்டை. அதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் பொங்கல் வரைக்கும் அதே வேலை தொடரும், தவறினால் தீபாவளியோடு இருபத்திரண்டு பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான். ஆர்டர் கைக்கு வந்த அன்றே என் வீட்டுக்காரர் பழனிக்கு நடக்கக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது காலெல்லாம் கொப்புளம்.

ஆயுத பூஜையன்று காலையில் மிஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, கத்தரியும் இஞ்சு டேப்பும் நூல் கோனும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டோம். போனைத் தூக்கிப் பார்த்தால் படம் எடுபடவில்லை. எங்கள் வெள்ளைப் பனியன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி கிடந்தது. என்ன செய்யலாம் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்காரர் மேஜைக்குப் பின்னால், பிளாஸ்டிக் கவருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது அது.

சிவப்புச் சட்டை. நெஞ்சில் ஒரு வெள்ளைக் கரடி, தலையில் குல்லாய், தூக்கம் வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். கழுத்தில் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு அட்டை. முக்கியமான அட்டை என்று தெரிந்தது. முக்கியமானதுதானே முதலில் சாமிக்குப் போக வேண்டும்?

கவரைப் பிரித்தேன். கரடியைச் சரஸ்வதி காலடியில் சாய்த்து உட்கார வைத்தேன். செவ்வந்திப் பூ சுற்றினேன். நெற்றி வெறுமையாக இருந்தது, மனசு கேட்கவில்லை. கட்டை விரலால் சந்தனம், அதன் நடுவே குங்குமம். இடது கையில் போன், வலது கையில் கற்பூரத் தட்டு. "எங்க கம்பெனியோட புது டிசைனுங்க! மொத பீஸு சாமிக்குங்க!" என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். சட்டையின் கழுத்தில் பையர் பெயர் இருந்தது. அவர்களும் பார்த்துச் சந்தோஷப்படட்டுமே என்று, காவ்யா சொல்லிக்கொடுத்தபடி அந்தப் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

மதியம் இலை போடும்போது நானூறு. பாயசம் ஊற்றும்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நான் பரிமாறவா, பார்க்கவா? ஒருத்தர் இலையில் ரசத்தை இரண்டு முறை ஊற்றினேன்.

நான்கு மணிக்கு ஜெபராஜின் பைக் வந்து நின்றது. ஜெபராஜ் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சண்டைசர், பையருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடுகிற ஆள். தூத்துக்குடிப் பையன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"அக்கா, என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க? அந்த டிசைன் கடைக்கு வர்ற வரைக்கும் ரகசியம்க்கா! பையர் ஆபீஸ்ல இருந்து கேக்காவ, யாரு அந்தம்மா, எதுக்குக் கரடியைக் கொளுத்துதாவன்னு!"

"கொளுத்துலீங்க தம்பி, சூடம் காட்டினேன்" என்றேன்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவர் கோபப்பட்டால் கத்த மாட்டார், குரல் இறங்கிவிடும். "அம்மிணி, அதை அழி" என்றார். குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

அழிக்கத்தான் போனேன். அவசரத்தில் எதையோ அழுத்த, அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. ஜெபராஜ் போனைப் பிடுங்கி இரண்டையும் அழித்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"சீல் சேம்பிள் எங்கண்ணே?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பையர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்த மாதிரித் துணி அது. நாளைக் காலை இன்ஸ்பெக்‌ஷன், அந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சரிபார்ப்பார்களாம். அதுவோ பூவும் பொட்டுமாக சாமி முன்னால் உட்கார்ந்திருந்தது.

"எடுக்கக் கூடாதுங்க. பூஜையில வெச்சது நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கோணும்" என்றேன். (அந்த நிலைமையிலும் சொன்னேன். என்னை என்ன செய்யலாம்?)

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். ஜெபராஜ் என்னைப் பார்த்தான். "அப்ப மறுபூஜையை இப்பவே முடிச்சிருவோம்க்கா. மணி எங்க?"

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பையன் மணியடிக்க, நான் அழுதுகொண்டே கற்பூரம் காட்ட, மறுநாள் பூஜை முந்தின நாளே முடிந்தது. கரடியை எடுத்துப் பார்த்தோம். சந்தனம் உதிர்ந்துவிட்டது, குங்குமம் இறங்கிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பொட்டு நெற்றி முழுக்கப் பரவி, கரடி எங்கேயோ விழுந்து மண்டையை உடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கறை எடுக்கிற மருந்தைப் பீய்ச்சும் ஸ்ப்ரே கன்னைக் கொண்டுவந்து வீட்டுக்காரர் அடித்தார். கறை அப்படியே இருந்தது, பிரிண்டில் ஒரு கண் போய்விட்டது.

"போதும்ணே, மிச்சக் கண்ணாவது இருக்கட்டும்" என்றான் ஜெபராஜ்.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஜெபராஜ் ஒன்றையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னான். அந்தம்மா ஒற்றைக்கண் கரடியை ஒரு கையிலும் பெட்டியிலிருந்து எடுத்த நல்ல கரடியை இன்னொரு கையிலும் வைத்து வெகுநேரம் பார்த்தார். இருபத்திரண்டு பேரும் மிஷினை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கந்த சஷ்டி கவசம் நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"சேம்பிள்ல பொட்டு இருக்கு" என்றார் அந்தம்மா. "பெட்டியில இருக்கற எதுலயும் பொட்டு இல்ல. அப்ப எல்லாமே ரிஜெக்ட்தானே?"

நான் அப்படியே ஒரு நூல் கோன் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். "வேணும்னா எல்லாத்துக்கும் வெச்சுத் தாறனுங்க" என்று என் வாயே சொன்னது.

அந்தம்மா சிரித்தார். முதலில் வாயை மூடிக்கொண்டு, அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு. ஜெபராஜ் அவன் ஆபீஸிலிருந்த இன்னொரு சேம்பிளைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அதை வைத்துச் சரிபார்த்து, சரக்கு கப்பலேறியது. மீதி வேலையைப் பையர் ஒரு வாரம் நிறுத்திவைத்தார். அந்த ஏழு நாளும் நான் போனைத் தொடவில்லை. எட்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. கம்பெனிக்குள் போன் கூடாது, வீடியோ எடுத்தவர் கையெழுத்துப் போட்டு உறுதி தர வேண்டும், அப்படியானால் வேலை தொடரலாம். கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷத்தில் மேலே பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டேன். அது என்ன குறி என்று கேட்டு வெளிநாட்டிலிருந்து தனியாக ஒரு மெயில் வந்ததாம். ஜெபராஜ்தான் பதில் எழுதினான்.

கெட்டுப்போன கரடியை அவனே எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு வயது மகள் சிவப்புச் சட்டையில், கையில் கேக், நெஞ்சில் ஒற்றைக்கண் கரடி. கீழே எழுதியிருந்தான்: "எத்தனை துவைச்சும் பொட்டு போகலக்கா." அடுத்து பிறந்த பையனும் அதையே போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். இப்போதும் எங்கள் வீட்டில் யார் எதைச் சொதப்பினாலும், "கரடிக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

முதல் படம் வந்த அன்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஏனுங்க, கொழந்தை எத்தனை அழகா இருக்குது. கிறிஸ்துமஸ் வாழ்த்துன்னு நம்ம பக்கத்துல போட்டா என்னுங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த போனை வாங்கினார். சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். சந்தனம் எடுத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு, அதன் நடுவே குங்குமம்.

"மறுபூஜை வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றார்.