எல்லாம் நிறைவு, நான்கு நட்சத்திரம்

‘எல்லாம் நிறைவு’ என்று எழுதிவிட்டு நான்கு நட்சத்திரம் மட்டும் கொடுத்தவரை எந்த வகையில் சேர்ப்பது என்று பரிசோதகருக்கு விளங்கவில்லை. கைப்பேசியை மூக்குக்கண்ணாடியுடன் ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும் பார்த்தார். இரண்டு முறையும் ஐந்தாவது நட்சத்திரம் நிறமற்ற வெறும் கோடாகவே இருந்தது.

“ஏங்க, காபி ஆறுது” என்றாள் மனைவி.

“ஆறட்டும். ஒரு நட்சத்திரம் குறையுது.”

“நாலு குடுத்திருக்காங்கல்ல? பரீட்சைல எண்பது மார்க் வாங்கின மாதிரி.”

“எண்பது மார்க் வாங்கின பல்பு எரியுமா?”

“நல்லா எரியும். இப்ப உங்க வயிறு எரியுதே, அந்த மாதிரி.”

அவர் பல்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். பதவி ஓய்வு பெற்றது. பட்டப்பெயர் ஓய்வு பெறவில்லை. தெருவினர் இன்றும் அவரைப் பரிசோதகர் என்றே அழைத்தனர். வீட்டு மாடியில் தனி வாசலுடன் ஓர் அறை இருந்தது. கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக அதை வெளியூர்ப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவந்தார். தங்கியவர் அனைவரும் அதுவரை ஐந்து நட்சத்திரம் வழங்கியிருந்ததால், செயலி நிறுவனம் அவருக்குத் ‘தங்க வாசல்’ என்றொரு பட்டம் அளித்திருந்தது. சராசரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பட்டம் பறிபோகும்.

பட்டம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் பட்டத்தோடு அறையும் போய்விடும். அப்படித்தான் மனைவியோடு ஒப்பந்தம். “பட்டம் இருக்கற வரைக்கும் மாடி உங்க இஷ்டம். போச்சுன்னா என் தம்பி வந்து இருந்துக்குவான்” என்று அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

மைத்துனர் நாற்பதைக் கடந்தபின் கிளாரினெட் பழகத் தொடங்கியவர். விட்ட பாடும் இல்லை. கற்றுக்கொண்ட பாடும் இல்லை. அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், பக்கத்து வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு நாய் ஆகிய மூவரும் ஒருமனதாக ஆட்சேபித்ததால், அவர் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

“தம்பி காலைல போன் பண்ணினான். மாடி எப்படி இருக்குன்னு கேட்டான்.”

“மாடி எப்படி இருக்கும்? மேலதான் இருக்கும்.”

“எதுக்கு இப்படி எரிஞ்சு விழறீங்க? அவன் என்ன வந்தா விழுந்துட்டான்?”

பரிசோதகர் மறுபடியும் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார். நான்கு நட்சத்திரம் கொடுத்தவர் ஒரு கணக்குத் தணிக்கையாளர். அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்ப்பதற்காக வெளியூரிலிருந்து வந்து தங்கிச் சென்ற பெண்மணி. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் காரணமின்றி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தம் செய்வாரா? குறை இல்லாமல் நிராகரிப்பு இல்லை: பல்புகளோடு வாழ்ந்த காலமெல்லாம் பரிசோதகர் பிறருக்குப் போதித்த பாடம் அது. ஆகவே குறை மாடியில்தான் இருந்தது. கண்டுபிடிக்க வேண்டியதே பாக்கி.

அவர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை சென்று, விருந்தாளியாகத் திரும்பி வந்து அழைப்புமணியை அழுத்தினார். மனைவி கதவைத் திறந்தாள்.

“என்னங்க இது?”

“நான் விருந்தாளி. முன்ன பின்ன தெரியாத மாதிரி பேசு.”

“கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தானே பேசிக்கிட்டிருக்கோம். உள்ள வாங்க.”

மாடியில் அவர் படுத்துப் பார்த்தார்; உட்கார்ந்து பார்த்தார்; மேசையின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்காகத் தரையில் மல்லாந்தும் பார்த்தார். முடிவில் பிடிபட்டது ஜன்னல். கதவு முழுதாகச் சாத்தவில்லை. இடுக்கின் வழியே வெளியிலிருந்த மரத்தின் கிளைநுனி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தச்சர் வந்து பார்த்தார். “நல்லாத்தானே சார் இருக்கு? காத்து ஜிலுஜிலுன்னு வருது.”

“அதுதான் குறை. கேக்காம வருது.”

தச்சர் தோளைக் குலுக்கிவிட்டு ஜன்னலைத் திறக்க முடியாத கண்ணாடியாக மாற்றிக் கொடுத்தார். கிளையும் வெட்டப்பட்டது. அறை அன்றே புழுங்கத் தொடங்கியது. புழுக்கத்துக்காக இரண்டாவது மின்விசிறி வந்தது. அது முனகியது. முனகலை நிறுத்த முடியாததால், ‘மின்விசிறியின் ஒலி இயல்பானது, அஞ்ச வேண்டாம்’ என்று ஓர் அறிவிப்பைச் சுவரில் ஒட்டினார். ஓர் அறிவிப்பு ஒட்டிய கை சும்மா இருப்பதில்லை. குழாயைத் திருப்பும் முறை, தாழ்ப்பாளின் சுபாவம், தலையணையின் மேற்புறம் எது என்பது பற்றியெல்லாம் அறிவிப்புகள் தோன்றின. மின்விளக்குச் சொடுக்கிக்கு மேலே, ‘இதைப் படிக்க இயலாவிடில் விளக்கைப் போடவும்’ என்று ஒன்று இருந்தது.

அதோடு நிற்கவில்லை. தணிக்கையாளருக்குச் செயலி வழியே ஒரு செய்தி அனுப்பினார்: ‘தாங்கள் கண்ட குறை யாதெனத் தெரிவித்தால் திருத்திக்கொள்வேன்.’

‘ஒரு குறையும் இல்லை சார்’ என்று உடனே பதில் வந்தது.

“பாத்தியா? சொல்லக் கூச்சப்படற அளவுக்குப் பெரிய குறை” என்றார் பரிசோதகர்.

“இல்லைன்னா இல்லைன்னு அர்த்தம்.”

“நீகூடத்தான் கோபம் இல்லைன்னு சொல்லுவே.”

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். அதைத் தம் கட்சிக்குக் கிடைத்த வெற்றியாகக் கருதிய பரிசோதகர், எல்லோரும் படிக்கும்படியாகத் தணிக்கையாளரின் மதிப்பீட்டுக்குக் கீழே தம் விளக்கத்தைப் பதிவிட்டார். வாக்கியங்களை மூன்று முறை செப்பனிட்டார். பிழையில்லாமல் அமைந்தது: ‘எமது அறையில் சிலந்தி இல்லை. கூரையில் கசிவு இல்லை. படுக்கையில் மூட்டைப்பூச்சி இருப்பதாக எவரும் இதுவரை நிரூபித்ததில்லை.’

மாலைக்குள் மூவர் முன்பதிவை ரத்து செய்தனர். நான்காமவர் மட்டும் சிலந்தி எந்த மூலையில் இருக்கும் என்று விசாரித்திருந்தார்.

“யாராவது சிலந்தின்னு சொன்னாங்களா?” என்றாள் மனைவி.

“சொல்லலை. ஒருவேளை நினைச்சிருந்தா?”

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு. இனிமே தம்பி வந்து கிளாரினெட்டை ஊதினா நீங்க வாயே திறக்கக் கூடாது.”

சிலந்திக்கும் அஞ்சாமல் அடுத்து வந்தவர் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி. இவரிடம் ஒரு நட்சத்திரமும் சிந்தக்கூடாது என்று பரிசோதகர் தீர்மானித்தார். குறையைப் பின்னால் கேட்பதால்தானே சொல்லக் கூசுகிறார்கள்? தங்கியிருக்கும்போதே கேட்டுவிட்டால்? பெட்டியை இறக்கி வைத்ததும் கதவைத் தட்டினார்.

“சார், அறைல ஏதாவது குறை?”

“இப்பதானே சார் வந்தேன்.”

“முதல் அபிப்பிராயம்தான் முக்கியம்.”

பிரதிநிதி குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து நீரின் சூட்டைப் பற்றி விசாரித்தார். உடை மாற்றும்போது மின்விசிறியின் முனகலைப் பற்றி விசாரித்தார். படியிறங்கி வேலைக்குப் போனவரைத் தெருமுனைவரை பின்தொடர்ந்து தலையணையைப் பற்றி விசாரித்தார்.

பிரதிநிதி ஊர் திரும்பியதும் மூன்று நட்சத்திரம் வந்து சேர்ந்தது. உடன் ஒரு குறிப்பு: ‘வீட்டுக்காரர் மிகவும் நல்லவர். ஆனால் அடிக்கடி நல்லவராக இருக்கிறார்.’

மனைவி அதை இரண்டு முறை வாசித்தாள். “எவ்வளவு அழகா எழுதியிருக்காரு! எனக்கு இத்தனை வருஷமாச் சொல்லத் தெரியலை.”

பரிசோதகர் குறிப்பின் நியாயத்தை ஏற்றுக்கொண்டார். நிரூபணமான குறையை மறைப்பது அவர் தொழில்தர்மம் அன்று. குறை ஜன்னலிலோ தலையணையிலோ இல்லை, தாமே அது. அப்படியானால் திருத்தமும் எளிது: தாம் இல்லாமல் போய்விட வேண்டும்.

மாடி வாசலில் எண்களை அழுத்தினால் திறக்கும் பூட்டு ஒன்று பொருத்தப்பட்டது. வருபவர் வருவார், திறப்பார், தங்குவார், போவார். வீட்டுக்காரரின் நிழலும் அவர்மேல் விழாது. அடுத்து வரவிருந்த புகைப்படக்காரருக்கு எண் அனுப்பப்பட்டது. அதன்பின், அந்த எண் ஊகிக்க எளிதாக இருப்பதைப் பரிசோதகரின் தரக்கண் கண்டுபிடித்ததால், பூட்டில் எண் மாற்றப்பட்டது. மாற்றிய எண்ணை அனுப்பினால் அது தொந்தரவாகுமோ என்ற ஐயத்தில் ஒரு நல்ல வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருந்தபோது புகைப்படக்காரர் வந்துவிட்டார். கூடவே மழையும் வந்தது.

மனைவி தம்பி வீட்டுக்குச் சாமான் கட்ட உதவப் போயிருந்தாள். பரிசோதகர் கூடத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார். வெளியே புகைப்படக்காரர் நனைந்த விரலால் எண்களை அழுத்தினார், பூட்டு மறுத்தது. கீழ்க்கதவைத் தட்டினார்.

“சார்! வீட்ல யாரும் இல்லையா?”

இல்லை என்று சொன்னால் இருப்பது தெரிந்துவிடும்.

“சார், காமிரா நனையுது சார்!”

ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அடிக்கடி நல்லவராக இருக்கும் பழைய பாவத்துக்குத் திரும்புவதா வேண்டாமா என்று அவர் தடுமாறிய வேளையில் காற்று திரையை விலக்கியது.

ஒரு நட்சத்திரத்தோடு வந்த குறிப்பு சுருக்கமாக இருந்தது: ‘திரைக்குப் பின்னால் ஒருவர் நின்றார். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் திரையை மூடிக்கொண்டார்.’

தங்க வாசல் அந்த வாரமே மூடப்பட்டது. நிறுவனம் வருத்தம் தெரிவித்திருந்தது. மனைவி வருத்தம் தெரிவிக்கவில்லை. செயலியிலிருந்து அறையை நீக்கிவிட்டுத் தம்பிக்குத் தகவல் சொன்னாள்.

மைத்துனர் சிறிய லாரி ஒன்றில் வந்து இறங்கினார். சாமான்களை ஆட்கள் சுமந்தனர். கிளாரினெட் பெட்டியை மட்டும் அவர் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார்.

“மாமா, உங்களுக்குத் தொந்தரவா இருக்காதே?”

“சேச்சே.”

“விடிஞ்சதும் சாதகம் பண்ணிருவேன். அப்புறம் நாள் பூரா சும்மாதான். அப்பப்ப ஞாபகம் வர்றப்ப மட்டும் வாசிப்பேன்.”

“ஞாபகசக்தி எப்படி?”

“அது நல்லா இருக்கு மாமா.”

மைத்துனர் மாடியேறினார். சுவரிலிருந்த அறிவிப்புகளை அவர் உரக்க வாசித்துச் சிரிப்பது கீழே கேட்டது. பிறகு சிரிப்பு நின்று, வாத்தியம் தொடங்கியது. ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்ததால் ஒலி வெளியே போக வழியின்றி, படிக்கட்டின் வழியே முழுமையாகக் கீழே இறங்கியது.

“காதுல பஞ்சு வேணுமா?” என்றாள் மனைவி. அவள் ஏற்கெனவே வைத்திருந்தாள்.

பரிசோதகர் காற்றுக்காக வாசலுக்கு வந்தார். அங்கே கையில் ஒரு சிறிய பெட்டியுடன் தணிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார்.

“சார், நல்லா இருக்கீங்களா? மறுபடியும் இங்க வேலை போட்டிருக்காங்க. செயலில உங்க அறையைத் தேடித் தேடிப் பாத்தேன், காணோம். அதான் நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்.”

மாடியில் ஒரு சுரம் ஏற முயன்று பாதியில் விழுந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தனர்.

“அந்த ஜன்னலை ஏன் சார் அடைச்சிட்டீங்க? கிளையையும் வெட்டிட்டீங்களே! அந்த மரக்கிளையைப் பாத்துக்கிட்டே தூங்கறதுக்குத்தானே வந்தேன்!”

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது; கேட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை என்பதும் பரிசோதகருக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் கேட்டார்.

“அம்மா, இனிமே எனக்குப் பட்டமும் இல்லை, அறையும் இல்லை. கூச்சப்படாம உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு அந்த ஒரு நட்சத்திரத்தை எந்தக் குறைக்காகக் குறைச்சீங்க?”

தணிக்கையாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“குறையா? அஞ்சும் குடுத்தா ஊரே இங்க வந்து குவிஞ்சிடும், அடுத்த தடவை எனக்கு இடம் கிடைக்காதுன்னுதான் சார் ஒண்ணைக் கொறைச்சேன்!”