அவர் பக்கமும் ஒரு பிரேக்

பல் தேய்ச்சுக்கிட்டே சபதம் எடுத்த மனுஷன நீங்க யாராவது பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். எங்க வீட்டுக்காரர்தான். வாய் நிறைய நுரை. பிரஷ்ஷ வாள் மாதிரி தூக்கிப் பிடிச்சுக்கிட்டு குளியலறை வாசல்ல வந்து நின்னாரு.

"இழிமே இழ்ழ வீழ்ழ அழ்ழ ஆழு பேழ்ழே வழக் கூழாழு!"

"துப்பிட்டு வந்து சொல்லுங்க."

துப்பிட்டு வந்தாரு. "இனிமே இந்த வீட்ல அந்த ஆளு பேச்சே வரக் கூடாது!"

"எந்த ஆளு?"

"அதான்... அந்தப் பேச்சு வாத்தியாரு!"

"காலங்காத்தால அவர் பேச்ச எடுத்தது நீங்கதான்."

மறுபடியும் போய்ப் பல் தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு. தேய்ச்ச சத்தத்துல பல்லு மிஞ்சுமான்னே எனக்கு பயமாயிடுச்சு.

இந்த வயித்தெரிச்சல் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லணும்னா, முதல்ல அவர் தொழிலச் சொல்லணும். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காரு. சொந்தமா ஒரு சின்ன சிவப்புக் கார், அதுக்கு மேல காரவிடப் பெரிய பலகை. கத்துக்கறவங்க பக்கம் இருக்கற பிரேக் போதாதுன்னு, பக்கத்துல இவர் உக்கார்ற இடத்துலயும் காலுக்குக் கீழ இன்னொரு பிரேக். நாப்பது வருஷமா அந்தக் கால் சும்மா இருந்ததில்ல. சாப்பிட உக்காந்தாக் கூட, நான் கொஞ்சம் வேகமா குழம்பு ஊத்தினா, மேஜைக்கு அடியில அவர் கால் டக்குன்னு தரைய மிதிக்கும்.

ஊருக்கே கத்துக் குடுத்த மனுஷன் எனக்கு மட்டும் கத்துக் குடுக்கல. "உனக்கெல்லாம் வண்டி வராதுடி." கல்யாணமான புதுசுல ஒரு தடவ சொன்னாரு. நானும் நம்பிட்டேன். யாராவது "வண்டி ஓட்டுவீங்களா"ன்னு கேட்டா, பேரும் வயசும் சொல்ற மாதிரி "எனக்கு வராதுங்க"ன்னுதான் சொல்லுவேன்.

இப்படித்தான் எங்க அத்தை ஒருத்தி. லிஃப்ட்ல ஏறினா மூச்சு நின்னுடும்னு யாரோ சொன்னத நம்பி, எங்க போனாலும், அஞ்சு மாடின்னாலும் படியிலதான் ஏறுவா. ஒரு நாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரில வழி தெரியாம ஒரு சின்ன அறைக்குள்ள போய் நின்னிருக்கா. கதவு சாத்திடுச்சு. "என்ன ரூம் இது, உக்கார ஒரு நாற்காலி இல்ல, ஒரு ஃபேன் இல்ல"ன்னு திட்டிக்கிட்டிருக்கறப்பவே கதவு திறந்துச்சு. வெளிய வந்து பாத்தா ஆறாவது மாடி. மூச்சு நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பவும் ஒத்துக்கல. "அது லிஃப்டுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நின்னிருக்கும்"னுட்டா. அந்த அத்தைக்கு வந்த மருமக இருக்காளே... சரி, அது வேண்டாம், நம்ம கதைக்கு வர்றேன்.

என் மக பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. பஸ்ஸு ரெண்டு மாறணும். அவளுக்குப் பொண்ணு பொறந்து லீவு முடியற நேரம். "அம்மா, தினமும் காலைல நீ வந்து குழந்தையப் பாத்துக்கிட்டா நான் வேலைக்குப் போவேன். இல்லன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்"னா. ஆசையாச் சேந்த வேலை. இவர்கிட்ட கேட்டேன். "தினமும் உன்னக் கொண்டு விட்டா என் பசங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது? ஞாயித்துக்கிழமை பாக்கலாம்." ஞாயித்துக்கிழமை ஆபீசே இல்லையேங்க!

அப்பத்தான் எதிர் வீட்டு டெய்லரம்மா சொன்னா. "அக்கா, நூலகத்து மாடில ஒரு வாத்தியார் பாடம் எடுக்கறாரு. நாம பேசற பேச்ச மாத்தினா நம்ம பயமே மாறுமாம். நான் புதன்கிழமை போறேன். நீங்க சனிக்கிழமை போய்ப் பாருங்க."

போனேன். வாத்தியார் நல்ல உயரம், நல்ல குரல். பெரிசா ஒண்ணும் சொல்லல. "'எனக்கு வராது'ன்னு சொல்லாதீங்க. 'இன்னும் வரல'ன்னு சொல்லுங்க. 'விழுந்துடாதே'ன்னா மனசு விழறதத்தான் பாக்கும். 'கெட்டியாப் பிடிச்சுக்கோ'ன்னு சொல்லுங்க. குழந்தைகிட்ட 'சாப்பிடறியா'ன்னு கேட்டா 'மாட்டேன்'னுதான் சொல்லும். 'வெள்ளத் தட்டா, நீலத் தட்டா'ன்னு கேளுங்க." அவ்ளோதான்.

வீட்டுக்கு வந்தேன். இவர் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு.

"ஏங்க, குப்பைய குளிக்கறதுக்கு முன்னாடி கொட்டறீங்களா, குளிச்சிட்டுக் கொட்டறீங்களா?"

"முன்னாடிதான். குளிச்சிட்டு எவன் தொடுவான்?"

எந்திரிச்சுப் போய்க் கொட்டிட்டு வந்தாரு! கல்யாணமானதுலருந்து அந்தக் கூடை எந்த மூலைல இருக்குன்னே தெரியாத மனுஷன். சந்தோஷத்துல நான் வாய விட்டுட்டேன். "வாத்தியார் சொன்னது சரிதாங்க!"

அன்னிலருந்து ஆரம்பிச்சுது. "வாத்தியாருக்கு எத்தன வயசு? மீசை இருக்கா? உன்னப் பேர் சொல்லிக் கூப்பிடறாரா?" நான் சனிக்கிழமை புடவைக்கு இஸ்திரி போட்டா, இவர் வீட்டுக்குள்ளயே தச்சு வெளிய எடுக்க முடியாத அலமாரி மாதிரி வாசல மறிச்சுக்கிட்டு நிப்பாரு. திடீர்னு மீசைக்கு மை வந்துச்சு. கழுத்துல சென்ட்டு வந்துச்சு. கார்ல ஏறின பசங்க ஜன்னல இறக்கிட்டாங்களாம். அதுக்கப்புறம்தான் அந்த நுரை சபதம்.

சபதம் எடுத்த வாரம், புதன்கிழமை சாயங்காலம் ஆளக் காணோம். கொஞ்ச நேரத்துல டெய்லரம்மா ஓடி வந்தா. சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு மூச்சு வாங்குது.

"அக்கா! அண்ணன் எங்க கிளாசுக்கு வந்தாரு!"

"யாரு, இவரா?"

"தொப்பி போட்டிருந்தாரு. கறுப்புக் கண்ணாடி வேற. அறைக்குள்ள கண்ணாடி போட்டா கண்ணு தெரியுமா? நேராப் போய்த் தூண்ல முட்டி, தூண்கிட்ட 'சாரி சார்'னாரு!"

"நெசமா இவருதானா?"

"நான் காலர் திருப்பித் தச்ச சட்டைக்கா. எனக்குத் தெரியாதா?"

ராத்திரி இவர் நெத்தில வீக்கம். "கார் கதவு இடிச்சுருச்சு"ன்னாரு. எண்ணெய் தடவி விட்டேன்.

மறுநாள் காலைல பாகு மாதிரி ஒரு குரல். "ஏய், உனக்கு நானே வண்டி கத்துத் தரேன். ஒரே ஒரு கண்டிஷன். அந்தக் கிளாசுக்குப் போகக் கூடாது."

"சரிங்க."

இவ்ளோ சுலபமா ஒத்துக்குவேன்னு அவர் எதிர்பாக்கல. எனக்கு அவர் திட்டம் அப்பவே புரிஞ்சு போச்சு. புதன்கிழமை கிளாஸ்ல வாத்தியார் எப்படிப் பேசக் கூடாதுன்னாரோ, அதையே வரிசையா எங்கிட்ட பேசி, நானே "வேண்டாம்டா சாமி"ன்னு இறங்கிப் போகணும். வண்டியும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது.

காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் ஸ்டியரிங்ல. அவர் பக்கத்துல.

"பயப்படாத!"

"சரிங்க, தெம்பா இருக்கேன்."

"கல்லுல விட்டுடாத!"

"சரிங்க, நடுவுல போறேன்."

"நடுவுல போறேன்னு யாருடி சொல்லச் சொன்னா? நான் கல்லப் பத்திப் பேசறேன்!"

"நான் வழியப் பத்திப் பேசறேன்."

"உனக்கு இது வராதுடி!"

"இன்னும் வரலங்கறீங்க."

"ஆமா, இன்னும்... இல்ல! நான் அத சொல்லல!"

வண்டி நகர்ந்துச்சு. கொஞ்ச தூரம் போனதும் ஒரு குலுக்கல். நின்னு போச்சு. மறுபடி கிளப்பினேன். மறுபடி குலுக்கல். இவர் ஜன்னல் வழியா மேகத்தப் பாத்துக்கிட்டு, "நான் என்ன பண்றது? கை ராசின்னு ஒண்ணு இருக்குல்ல"ங்கறாரு. குனிஞ்சு பாத்தேன். அவர் பக்கத்து பிரேக் மேல செருப்பு அழுத்தமா உக்காந்திருக்கு.

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. "காலை எடுங்க"ன்னு கத்தினா, "நான் எங்க வச்சேன்"னுதான் சொல்லுவாரு. அத்தன வருஷம் கூடக் குடித்தனம் பண்ணவளுக்குத் தெரியாதா? முழுங்கிட்டு, ரொம்பப் பணிவாக் கேட்டேன்.

"ஏங்க, நீங்க காலை எடுத்ததும் நான் இடது பக்கம் திரும்பணுமா, நேராப் போகணுமா?"

"நேராப் போகக் கூடாது, அங்க பள்ளம். இடது பக்கம் திரும்பு."

சொல்லிக்கிட்டே காலை எடுத்துட்டாரு! இவரும் ஒரு வாத்தியார்தானே. கேள்வின்னு வந்துட்டா பதில் சொல்லாம இருக்க முடியாது. நான் இடது பக்கம் திரும்பினேன். நேராப் போனேன். மைதானத்த ஒரு சுத்து சுத்தினேன். கூடவே அழுதுக்கிட்டும் இருந்தேன். எத்தன வருஷம் போச்சு, பாருங்க.

அப்புறம் தினமும் அதே கதைதான். அவர் கால் பிரேக்குக்குப் போகும், நான் ஒரு கேள்வி கேப்பேன், கால் வந்துடும். நான் லைசென்ஸ் வாங்கின அன்னிக்கு இவர் முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு.

"வண்டி ஸ்கூல் வண்டி, தெரியும்ல? அத எல்லாம் தர முடியாது."

"அது சரிதான். நான் மக வீட்டுக்குப் போயிட்டா, உங்க பசங்களுக்குப் பாடம் மத்தியானம் வைப்பீங்களா, சாயங்காலம் வைப்பீங்களா?"

"மத்தியானம் வெயிலு. சாயங்காலம்தான்..." பாதில நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. ஆனா மறுநாள் காலைல வண்டிச் சாவி என் கைக்கு வந்துடுச்சு.

மக வேலைக்குப் போயிட்டா. பேத்தி என் தோள்ல. எல்லாம் நல்லாப் போய்க்கிட்டிருந்தப்ப, ஒரு நாள் வாசல்ல மணி. திறந்தா பேச்சு வாத்தியார். நான் கிளாசுக்குப் போகலையே தவிர, அவர் வரக் கூடாதுன்னு யாரும் கண்டிஷன் போடலையே!

இவர் எனக்கு முன்னாடி பாஞ்சு வந்தாரு. "என்ன வேணும்?"

"சாரா? அன்னிக்கு ஒரு புதன்கிழமை எங்க கிளாஸ்ல தூண்ல முட்டினீங்களே, நெத்தி சரியாயிடுச்சா?"

இவர் கை தானா நெத்திக்குப் போச்சு. வாத்தியார் எம் பக்கம் திரும்பினாரு. "அம்மா, நீங்க வண்டி ஓட்டறத பாலத்துல பாத்தேன். எனக்கும் கத்துக் குடுக்கணும். எனக்கு வண்டி வராதும்மா."

"இன்னும்!" நானே சத்தமாத் திருத்தினேன்.

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிவந்துடுச்சு. "ஊருக்குத்தாம்மா சொல்லுவேன். ரொம்ப வருஷம் முன்னாடி சார்கிட்டத்தான் வந்தேன். சாருக்கு ஞாபகம் இருக்காது. 'உனக்கெல்லாம் ஜென்மத்துல வராது'ன்னு மைதானத்துலயே இறக்கி விட்டுட்டாரு. வீடு வரைக்கும் நடந்தேன். ஒரு வார்த்தை ஒரு மனுஷன என்ன பண்ணுதுன்னு அன்னிக்கு யோசிக்க ஆரம்பிச்சதுதான் இந்தக் கிளாசே."

நான் இவரப் பாத்தேன். இவர் சுவத்தப் பாத்தாரு. எதிரிய இவரே செஞ்சு அனுப்பியிருக்காரு, பாருங்க!

"அப்ப நானே கத்துத் தரேன்"னாரு இவர், மீசைய முறுக்கிக்கிட்டு.

"வேண்டாம் சார்"னாரு வாத்தியார், ரெண்டு அடி பின்னாடி போய். "அம்மாதான் வேணும்."

"தனியா ரெண்டு பேரும் கார்லயா? நடக்காது! நானும் வருவேன்!"

"தாராளமா வாங்க"ன்னேன்.

முதல் பாடத்தன்னிக்கு வாத்தியார் ஸ்டியரிங்ல உக்காந்தாரு. அவர் பக்கத்துல, அந்த இன்னொரு பிரேக் இருக்கற சீட்ல நான். இவருக்கு மிச்சம் பின் சீட்டுதான். ஏறி உக்காந்து, வாத்தியார் பிடரியவே முறைச்சுக்கிட்டு வந்தாரு.

கடைத்தெரு சிக்னல்ல நின்னோம். பக்கத்துல ஒரு ஆட்டோ. ஓட்டறவன் இவர்கிட்ட போன வருஷம் கத்துக்கிட்ட பையன். காருக்கு மேல இருந்த பலகையப் பாத்தான். என்னப் பாத்தான். வாத்தியாரப் பாத்தான். கடைசில பின்னாடி எட்டிப் பாத்துட்டு, ரொம்ப மரியாதையாக் கேட்டான்:

"என்ன சார், அடுத்த பாடம் உங்களுக்கா?"