ஏறாத எண்

சி.ஆர்.பி. இந்தத் தடவையும் ஏறவில்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். அதே எண்தான்.

அவருக்கு முடக்குவாதம். உடம்புக்குள் வீக்கம் எவ்வளவு கனன்றுகொண்டிருக்கிறது என்று ரத்தத்தில் அந்த எண் காட்டிக்கொடுக்கும். மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போன மனைவி, பேரன் தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை.

"சி.ஆர்.பி. ஏறினா அடுத்த வண்டியிலேயே அம்மாவை அனுப்பிடறேன்ப்பா" என்று மகள் சொல்லியிருந்தாள்.

'நீ இல்லாம முடியல, வந்துடு' என்று வாத்தியாருக்குச் சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்தே வந்ததில்லை. ரத்தம் சொல்லட்டும் என்று மாத்திரையை நிறுத்தினார்.

விரல்கள் வீங்கின. காபித்தூள் டப்பாவைத் திறக்க முடியவில்லை. வகுப்பில் ஹேண்ட்பிரேக்கை இழுக்க முடியாமல், கார் அலுங்காமல் பின்னால் உருண்டு போலீஸ்காரரின் பைக்கில் சாய்ந்தது.

"இதுவும் பாடமா சார்?" என்று கேட்டாள் மாணவி.

அப்படியும் சி.ஆர்.பி. இறங்கித்தான் இருந்தது!

"சிலருக்கு இப்படித்தான். கை வீங்கிக் கிடக்கும், ரத்தம் ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கும்" என்றார் டாக்டர். "மாத்திரையை ஒழுங்கா போடுங்க. சளி, காய்ச்சல் வந்தாத்தான் இது தானா ஏறும்."

வாத்தியாருக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று மாலை கொட்டுகிற மழையில் மொட்டைமாடியில் போய் நின்றார். சளி பிடிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த போன்தான் செத்தது. தினமும் கேட்கிற மனைவியின் அந்த ஒரு குரலும் போச்சு.

கட்டிலில் அவள் பக்கத்துப் போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே படுத்திருந்தார்.

போன் சரியாகி வந்ததும் அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, ஏன் போனே எடுக்கல?"

"நனைஞ்சிடுச்சு."

"நம்பர் எவ்ளோ?"

"குறைஞ்சிருக்கு."

"நல்லதுதானே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவளுக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது என்று வாத்தியார் முடிவு கட்டினார்.

"சூப்பர்ப்பா! அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டும்" என்று மகளிடமிருந்து செய்தி வந்தது.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மானத்தை விட்டுவிட்டார். ரத்தம் எடுக்கிற அம்மாள் அவர் கையில் ரப்பர் பட்டை கட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அம்மா, ஒரே ஒரு உதவி. அந்த நம்பரை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தர முடியுமா?"

அந்த அம்மாள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடியாதுன்னு உங்க வீட்டம்மாகிட்டேயே சொல்லிட்டேனே சார். தினமும் போன் போட்டு இதையேதான் கெஞ்சறாங்க."